எட்டு வரி ஐந்தான கதை

அடுத்த திங்கட்கிழமை முதல் என் பெயரில் இருக்கும் பதினேழு பேக்கேஜ்களையும் நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். எதை எப்படித் தொகுப்பது, எதை எங்கே சோதிப்பது, எந்தப் பிழைச்செய்தியைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பதையெல்லாம் தனிக் கோப்பில் வரிசையாக எழுதி வைத்துவிட்டேன். அந்தக் கோப்பில் அடங்காத ஒன்று இருக்கிறது. அதற்காக இந்தக் கடிதம்.

நாம் செய்வது எளிமையாகச் சொல்லக்கூடிய வேலைதான். உலகத்தில் யார் யாரோ எழுதி இலவசமாகத் தருகிற மென்பொருள்களை ஒரு களஞ்சியத்தில் ஒழுங்காக அடுக்கி வைக்கிறோம். வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பேக்கேஜின் மேலும் ஒரு விவரக்குறிப்பு இருக்கும்: இது என்ன, எதற்குப் பயன்படும், யாருக்குப் பொருந்தும். மருந்துப் பெட்டியின் மேல் இருக்கும் எழுத்து மாதிரி. உள்ளே இருப்பதை நாம் எழுதுவதில்லை. மேலே இருப்பதை நாம்தான் எழுதுகிறோம்.

அரியலூரில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் எனக்கு வேலை, வீடு பெரம்பலூரில். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பஸ். ஜன்னலோர இடம் கிடைத்தால் மடிக்கணினியைத் திறந்து விவரக்குறிப்புகளைத் திருத்துவேன். ஆங்கிலத்தில் இருப்பதைத் திருத்தி, பிறகு அதைத் தமிழிலும் எழுதுவேன். பதினோரு வருடம் தமிழில் எழுதினேன். அத்தனை காலமும் அதைப் படித்த ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. கிணற்றுக்குள் பேசுவது போல இருக்கும், ஆனாலும் விடவில்லை. வரிசையில் தமிழ் காலியாகக் கிடந்தால் எனக்குக் கண் உறுத்தும்.

பதினேழில் ஒன்று, வலையில் செய்தி அனுப்பும் லைப்ரரி, அதாவது மற்றவர்கள் தங்கள் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் ஆயத்தத் துண்டு. ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குச் சின்னச் செய்திகளைக் கொண்டு சேர்க்கும். அதை என்னிடம் ஒப்படைத்தவர் வேறு நாட்டுக்காரர். நான் நேரில் பார்க்காதவர். எனக்கு இந்தத் தொழிலில் பாதியைக் கடிதத்திலேயே கற்றுத் தந்தவர். அவர் எழுதிய விவரக்குறிப்பு எட்டு வரி. சுற்றி வளைத்துப் போகும் வாக்கியங்கள். நடுவில் ஒன்று இப்படி இருந்தது: தொடர்பு அறுந்திருக்கும்போது அனுப்பிய செய்திகளை இது வைத்திருந்து, தொடர்பு திரும்பியதும் சேர்க்கும்; அப்போது அவை பழையவையாக இருக்கலாம் என்பதால், அனுப்பிய நேரத்தைப் பெறுபவர்தான் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு புதிய பதிப்பு வந்தபோது அந்தக் குறிப்பைப் புதுப்பிக்க உட்கார்ந்தேன். அரைப்புள்ளிக்குப் பிறகு வருவது கையேட்டில் இருக்க வேண்டிய விஷயம், பெட்டியின் மேல் எதற்கு என்று பட்டது. எடுத்துவிட்டேன். மிச்சத்தைச் சுருக்கினேன். தமிழில் இப்படி வந்தது: "தொடர்பு அறுந்தாலும் செய்தி தவறாமல் போய்ச் சேரும்." அதில் பொய் எதுவும் இல்லை. இன்றைக்கும் எந்தச் சோதனையிலும் தேறும் வாக்கியம்.

ஏறத்தாழ ஒன்றரை வருடம் கழித்து ஒரு பிழை அறிக்கை வந்தது. எழுதியவர் பெயர் சாதிக். ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதியிருந்தார். உங்கள் லைப்ரரியை வைத்து ஒரு பொத்தான் செய்திருக்கிறேன். தனியாக இருக்கும் பெற்றோர் காலையில் எழுந்ததும் அதை அமுக்குவார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் போனில் பச்சை எரியும். ஒரு நாள், ஒரு வீட்டில் அம்மா அமுக்காமலே பச்சை எரிந்துவிட்டது. அந்த அம்மா கீழே விழுந்து கிடந்த நேரத்தில் எரிந்தது. நான் எங்கே தவறு செய்தேன் என்று தயவுசெய்து சொல்லுங்கள். இதற்குக் கீழே, ஆங்கில அறிக்கைக்கு நடுவில், என் தமிழ் வாக்கியம் அப்படியே ஒட்டப்பட்டிருந்தது. இதைப் படித்துத்தான் இந்த லைப்ரரியைத் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில் ஊர்: லப்பைக்குடிக்காடு.

பதினோரு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் தமிழ் வாசகர்.

நான் அப்போது செய்ததை மறைக்கப் போவதில்லை, ஏனென்றால் நீங்களும் அதைத்தான் முதலில் செய்வீர்கள். பதில் தட்டச்சு செய்தேன். 'இது பிழை அல்ல. லைப்ரரி அதன் கையேட்டில் சொன்னபடியே நடந்துகொண்டிருக்கிறது. செய்தியில் நேரத்தைச் சேர்க்க வேண்டியது பயன்படுத்துபவரின் பொறுப்பு.' கையேட்டின் பக்கத்தையும் சேர்த்தேன். மரியாதையான, சரியான பதில். அனுப்பும் பொத்தானை அமுக்கினால் அறிக்கை மூடிவிடும். பட்டியலில் ஒரு எண் குறையும்.

அமுக்குவதற்கு முன், விவரக்குறிப்பில் அந்த எச்சரிக்கை எப்போது போனது என்று பழைய பதிவுகளில் தேடினேன். வேறு யாராவது எடுத்திருப்பார்கள் என்றுதான் தேடினேன். நீக்கியவர் இடத்தில் என் பெயர் இருந்தது. நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். எழுந்த நேரம், பஸ் வந்த நேரம், செய்த வேலை, மிச்சம் வைத்த வேலை எல்லாம் இருக்கும். அந்தத் தேதியைப் புரட்டிப் பார்த்தேன். "அரியலூர் பஸ் பத்து நிமிடம் தாமதம். செய்தி லைப்ரரியின் விவரக்குறிப்பைச் சுத்தம் செய்தேன். எட்டு வரி ஐந்தாயிற்று. திருப்தி."

திருப்தி என்ற சொல்லை நான் நாட்குறிப்பில் அடிக்கடி எழுதுவதில்லை.

தட்டச்சு செய்த பதிலை அழித்தேன். லைப்ரரியை என்னிடம் தந்த அந்த மனிதருக்குக் கடிதம் எழுதி, அந்த வாக்கியத்தை ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. நினைவில்லை என்றார். ஆனால் யாரோ ஒருவருக்கு அதனால் அடிபட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன், நீளமாக எழுதுவதில் எனக்கு எந்த ஆசையும் கிடையாது என்றார். அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை லப்பைக்குடிக்காட்டுக்கு பஸ் ஏறினேன். முன்னால் எறையூர் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் ஒன்று பாதித் தூரம் வழிவிடவில்லை. சாதிக்கிடம் என்ன சொல்வது என்று யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது, ஆனால் எதுவும் தோன்றவில்லை.

சாதிக் கடைவீதியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். முப்பது வயது இருக்கும். நான் யார் என்று சொன்னதும் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நான் உங்களை ஜெர்மனிக்காரர்னு நினைச்சேன் சார், தமிழ்ல எழுதுனது வேற யாரோன்னு. பெரம்பலூரா நீங்க?"

"பெரம்பலூர்தான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம்."

"அப்ப இங்கிலீஷ்ல அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதிருக்க வேணாம்ல. டிக்‌ஷனரி வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்தேன் சார்."

பதினான்கு வீடுகளில் பொத்தான் வைத்திருந்ததாகவும், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பதினான்கையும் கழற்றி எடுத்து வந்துவிட்டதாகவும் சொன்னார். கடையின் மேல் பலகையில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தன. நடந்ததைக் கேட்டேன். ஒழுங்காக, நேர வரிசையில் சொன்னார்.

விழுந்தவர் பெயர் ஜமீலா. சாதிக்குச் சின்னம்மா முறை. சாச்சி என்று கூப்பிடுகிறார். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் அன்வர் குவைத்தில். ஜமீலா விடியலில் சுபுஹு தொழுகை முடித்ததும் பொத்தானை அமுக்குவார். அன்வர் அங்கே கண் விழிக்கும்போது போனில் பச்சை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவார். வேலை இடத்தில் மதியம் வரை போனைத் தொட முடியாது.

ஒரு புதன்கிழமை, சாலை போடத் தோண்டியதில் கேபிள் அறுந்து தெருவுக்கே இண்டர்நெட் இல்லை. ஜமீலா வழக்கம்போல அமுக்கினார். பச்சை போகவில்லை. அன்வர் பதறிப் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, அம்மா நன்றாக இருக்கிறார் என்று தெரிந்துகொண்டார். வியாழக்கிழமை விடியலில் கேபிளைச் சரிசெய்தார்கள். அதே நேரத்தில் ஜமீலா பாத்ரூமில் வழுக்கி விழுந்திருந்தார். பொத்தானை அமுக்கவில்லை. ஆனால் கருவிக்குள் புதன்கிழமைச் செய்தி காத்திருந்தது. தொடர்பு திரும்பியதும் அது தவறாமல் போய்ச் சேர்ந்தது. குவைத்தில் பச்சை எரிந்தது. கேபிள் சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று அன்வர் நிம்மதியாக வேலைக்குப் போனார். பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்க்கும் வரை ஜமீலா ஈரத் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பில் விரிசல்.

சாதிக் என்னிடம் கேட்டார். "நான் எங்க சார் தப்பு பண்ணேன்?"

நான் மடிக்கணினியைத் திறந்து, பழைய எட்டு வரியையும் என் ஐந்து வரியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நீக்கியவர் பெயரையும் காட்டினேன். அவர் மெதுவாகப் படித்தார். பழையதை இரண்டு தடவை படித்தார்.

"இது இருந்திருந்தா நேரத்தைச் சேத்திருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்குக்கு விடை கிடைத்தது போலச் சொன்னார். பிறகு, "சாச்சியைப் பாக்க வரீங்களா? இன்னைக்கு அன்வர் பேசுவான். ஞாயித்துக்கிழமைல முடிவு சொல்றேன்னுருக்கான்" என்றார்.

என்ன முடிவு என்று போகிற வழியில் சொன்னார். அம்மாவைச் சென்னையில் ஒரு முதியோர் விடுதியில் சேர்க்க அன்வர் பேசி வைத்திருக்கிறார். ஜமீலாவுக்கு அதில் விருப்பமில்லை. இந்த ஊர், இந்த வீடு, நான்கு வீடு தள்ளி இருக்கும் கூட்டாளிகள், இதை விட்டுப் போக மாட்டேன் என்கிறார். பொத்தான் இருந்தவரை மகனுக்கு அது சம்மதம். இப்போது பொத்தானை நம்ப அவர் தயாராக இல்லை.

ஜமீலா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நடப்பதற்கான நாலுகால் கம்பி. என்னை யாரென்று சாதிக் சொன்னபோது "பெட்டி மேல எழுதுறவரு" என்று சொல்லி அறிமுகப்படுத்தினார். வழியில் நான் சொன்ன உதாரணம்.

"உக்காருங்க. பெட்டி மேல என்ன எழுதினீங்க?"

சொன்னேன். இருந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டேன், அதனால்தான் இப்படி ஆயிற்று என்றும் சொன்னேன். பஸ்ஸில் தோன்றாத வார்த்தைகள் அவர் முகத்தைப் பார்த்ததும் வந்துவிட்டன.

"அப்ப அன்னைக்கு எரிஞ்சது முந்தின நாள் பச்சையா?"

"ஆமாங்கம்மா."

"அப்ப அது பொய் சொல்லலை. லேட்டா சொல்லிருக்கு." சாதிக்கைப் பார்த்தார். "இவன் என்னமோ மிஷின் பொய் சொல்லிருச்சுன்னு டப்பாக்குள்ள போட்டு வச்சிருக்கான்."

பிறகு அவர் சொன்னதை அன்றே நாட்குறிப்பில் அவர் பேச்சிலேயே எழுதி வைத்தேன். அதிலிருந்து தருகிறேன். அத்தா என்று அவர் சொல்வது அன்வரின் அப்பாவை.

"அன்வரு அத்தா இருவது வருசம் சவுதில இருந்தாரு. போனு கிடையாது. கடுதாசிதான். ஒண்ணு வந்து சேர இருவது நாளாவும். எனக்குக் காச்சலுன்னு எழுதிருப்பாரு. நான் இங்க படிக்கையில அவருக்குச் சரியாயி வேலைக்குப் போயிருப்பாரு. கல்யாணமாயி வந்த புதுசுல தெரியாம அழுதுருக்கேன். அப்புறம் பழகிட்டேன். கவரைக் கிழிச்சதும் மொதல்ல தேதியத்தான் பாப்பேன். இந்த ஊர்ல எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தான். தேதி பாக்காம யாரும் கடுதாசி படிக்க மாட்டோம். இவங்களுக்கு அது தெரியாம போச்சு, உடனுக்குடன் வந்தே பழகிட்டாங்கள்ல."

அன்வரின் வீடியோ அழைப்பு வந்தது. சாதிக் போனைக் கட்டிலின் கம்பியில் சாய்த்து வைத்தார். சாதிக்கைவிடச் சிறிது வயது மூத்த முகம். களைத்திருந்தது. முடிவைச் சொல்லத் தொடங்கிவிட்டார். விடுதியில் அறை காலியாகிறது, அடுத்த மாதம் லீவில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், சாதிக்கின் பொத்தான் இனி வேண்டாம் என்றார். சாதிக் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். அது அவர்கள் குடும்ப விஷயம். என்னை அன்வர் பார்த்திருக்கவும் இல்லை, கட்டிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் தவறு சாதிக் மேல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு பதிவில் தப்பான பெயர் இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. போனுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். வாக்கியத்தை நீக்கிய தேதியையும் சொன்னேன்.

அன்வர் போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தார்.

"சார், நான் அந்தப் பச்சையைப் பாத்துட்டுத்தான் டீ குடிச்சேன்" என்றார். "எங்கம்மா தரையில கிடக்கறப்ப."

இருக்கிறேன் என்று காட்டத் தலையை மட்டும் அசைத்தேன்.

"இதைச் சொல்லவா பஸ் ஏறி வந்தீங்க?"

"ஆமாங்க."

ஜமீலா இடையில் பேசினார். "அன்வரு, அத்தா கடுதாசியில தேதி போடாம இருந்துருந்தா நான் என்ன ஆயிருப்பேன்? அது மாரிதான். இவங்க இனி பச்சைல தேதியும் மணியும் போடட்டும். நான் அமுக்கின மணி. நீ மொதல்ல அதைப் பாரு. பாத்துட்டு டீ குடி."

"பச்சையே வரலைன்னா? இங்க அப்ப மணி மூணுதான், நான் தூங்கிக்கிட்டுருக்கயில யாருக்கு அடிக்கிறது?"

"பக்கத்துல ஒருத்தருக்கும் போற மாரி வச்சுக்கலாம்" என்றார் சாதிக். "என் போனுக்கே வரட்டும்."

"நீ ஏழரைக்கு மேலதான் கண்ணு முழிப்பே" என்றார் ஜமீலா. என் பக்கம் திரும்பினார். "நீங்க எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?"

"அஞ்சே காலுக்குங்கம்மா."

"தெனமுமா?"

தினமும்தான், வேண்டுமானால் நாட்குறிப்பைக் காட்டுகிறேன் என்றேன். அந்த வீட்டில் அன்று முதல்முறையாக எல்லோரும் சிரித்தார்கள், போனுக்குள் இருந்தவர் உட்பட. அன்வர் முடிவை மாற்றவில்லை, தள்ளி வைத்தார். இரண்டு மாதம் பார்க்கிறேன் என்றார்.

விவரக்குறிப்பைத் திருத்துவது அதைவிடக் கடினமாக இருந்தது. புதிய வெளியீட்டுக்கு முன்னால் எதையும் தொடக் கூடாது என்று நம் களஞ்சியம் கதவை அடைக்கும் காலம் உங்களுக்குத் தெரியும். அந்தக் கதவு நான்கு நாள் முன்பே அடைபட்டிருந்தது. ஆங்கிலக் குறிப்பில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால், மற்ற மொழிகளில் இருக்கும் எல்லா மொழிபெயர்ப்பும் பழையதாகி ஒதுங்கிவிடும். யார் யாரோ தங்கள் பஸ்களில் உட்கார்ந்து எழுதியவை. வெளியீட்டுக்குப் பொறுப்பானவர் நியாயமாகவே கேட்டார்: ஒரே ஒரு வாக்கியம், அதுவும் கையேட்டில் இருக்கிற விஷயம், அடுத்த வெளியீட்டில் சேர்த்தால் ஆகாதா?

வாதம் எதுவும் செய்யவில்லை. ஊர், பெயர் சொல்லாமல், நடந்ததைப் பத்து வரியில் எழுதி அனுப்பினேன். புதன், வியாழன், பத்தரை மணி, ஈரத் தரை. அனுமதி வந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் பட்டியலுக்கும் அதே பத்து வரியை அனுப்பி, உங்கள் வேலையைக் கெடுத்ததற்கு மன்னியுங்கள் என்றேன். அன்று மாலையே ஒரு மொழி திரும்பி வந்தது. அடுத்த நாள் மூன்று. எனக்கு எழுத்துகூடத் தெரியாத மொழிகள். வந்த நேரத்தோடு ஒவ்வொன்றையும் நாட்குறிப்பில் எழுதினேன்.

தமிழ்தான் கடைசியாக வந்தது, ஏனென்றால் அதை எழுத வேண்டியவன் நான். பழைய நீள வாக்கியத்தை அப்படியே திருப்பி வைக்க மனம் வரவில்லை, சுருக்கவும் பயமாக இருந்தது. கடைசியில் ஜமீலா சொன்னதிலிருந்து கடுதாசி என்ற சொல்லை மட்டும் நீக்கிவிட்டு எழுதினேன்: "செய்தி தாமதமாகவும் வந்து சேரலாம். எப்போது அனுப்பியது என்பதை முதலில் பாருங்கள்." சாதிக்குக் காட்டினேன். "இது புரியுது சார்" என்றார். பதினோரு வருடத்தில் ஒரு வாசகரிடம் காட்டிவிட்டு நான் வெளியிட்ட முதல் குறிப்பு அதுதான்.

பிஸ்கட் டப்பாவிலிருந்த பதினான்கு பொத்தான்களும் நேரம் சேர்க்கப்பட்டு வீடுகளுக்குத் திரும்பிவிட்டன. இரண்டு மாதம் முடிந்த அன்று அன்வர் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "விடுதிக்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்." ஜமீலா இப்போது கம்பி இல்லாமல் நடக்கிறார். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய் பதித்திருக்கிறார்கள்.

உங்களிடம் ஒப்படைக்கும்போது இந்த லைப்ரரியின் குறிப்பில் ஏழு வரி இருக்கிறது. அந்த இரண்டு வாக்கியங்களும் மற்றவற்றோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். உங்களுக்கும் ஒரு நாள் அதைச் சுத்தம் செய்யக் கை பரபரக்கும். மற்ற பதினாறிலும் இப்படித் துருத்துகிற வரிகள் இருக்கின்றன. அவை எந்த ஊரிலிருந்து வந்தவை என்று எனக்குத் தெரியாது. எடுப்பதற்கு முன் எழுதியவரைக் கேளுங்கள். அவர் மறந்திருந்தால், அந்த வரியை இருந்தபடியே விட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்க வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். காலையில் மட்டும் ஆறு மணிக்குப் பிறகு கூப்பிடுங்கள். அதற்கு முன் என் போனில் ஒரு பச்சைக்காகக் காத்திருப்பேன். இன்று 5.52க்கு வந்தது. அமுக்கியதும் 5.52.